சருகுமான் வண்டியின் சரித்திரம்

மன்னர்களின் படையெடுப்புகளையும் மாளிகைகளையும் பற்றிச் சரித்திரம் எழுதுவோர் பலர் உளர். எளியோர் வீட்டு வாயிலில் நிற்கும் ஒரு பழைய மோட்டார் வண்டிக்கும் சரித்திரம் உண்டா என்று கேட்டு நகைப்பாரும் உளர். உண்டு என்பதே என் அபிப்பிராயம். நம் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் 'கஞ்சில்' என்னும் சிறு வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் முன்மூடியைத் தூக்கிப் பார்ப்பவனுக்கு, பல தேசத்தாரின் அறுபது ஆண்டு உழைப்பு அந்தச் சிறிய இடத்திற்குள் அடங்கிக் கிடப்பது புலனாகும். தூக்கிப் பார்க்க வேண்டிய நிர்ப்பந்தம் எனக்கு ஏற்பட்டிராவிடில், நானும் நகைத்திருப்பேன்.

நான் செம்பனைத் தோட்டமொன்றில் கிராணியாக இருப்பவன். என் தகப்பனார் அதே தோட்டத்து ஆலையில் பிட்டராக இருந்தவர். 1997ஆம் வருஷத்துக் கஞ்சில் வண்டியொன்றை அவர் பழையதாக வாங்கினார். அவர் காலமாகும் வரையில் அது எந்தப் பட்டறை வாசலையும் மிதித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் அதன் அடியில் படுத்திருப்பார். நான் அருகே சென்றால், "நீ போய்ப் படி, தம்பி, இந்தக் கறுப்பு உன் கையில் ஒட்ட வேண்டாம்" என்பார். ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்த நானும் அதைப் பாக்கியமென்றே கருதினேன். பேனா பிடிக்கும் கை உயர்ந்தது, ஸ்பானர் பிடிக்கும் கை தாழ்ந்தது என்னும் எண்ணம் நம் வீடுகளில் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது பாருங்கள்! ஸ்பானர் பிடித்தவரே அதை என்னிடம் சொன்னார்.

அவர் மறைந்த மறு வருஷம், என் தாயாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லும் வழியில் வண்டி கொதித்து, ஆவி கக்கி நின்றது. இழுத்துச் சென்ற பட்டறைக்காரர் மூடியைத் திறந்து ஒரு கணம் பார்த்துவிட்டு, யந்திரமே போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார். அவர் கேட்ட தொகை என் இரண்டு மாதச் சம்பளம். அவர் கூறியது மெய்யா பொய்யா என்று அறியும் வழி எனக்கு இல்லை. பதினைந்து வருஷம் அவ்வண்டியில் ஏறி இறங்கியவன் நான்! வண்டியை வீட்டிற்கே திரும்பக் கொண்டுவந்தேன்.

நிற்க. இவ்வண்டி எங்கே பிறந்தது? தகப்பன் வழியைத் தேடிப் போனால் 1956ஆம் ஆண்டின் சூயெஸ் கால்வாய்ச் சச்சரவில் போய் நிற்போம். அச்சச்சரவால் பிரிட்டனில் பெட்ரோல் பஞ்சம் உண்டாயிற்று. சிறிது குடித்து அதிகம் ஓடும் வண்டி வேண்டுமென்ற ஆவலும் எழுந்தது. அலெக் இசிகோனிஸ் என்னும் நிபுணர் வகுத்த 'மினி' 1959இல் வெளிவந்தது. நீளம் பத்தே அடி. யந்திரத்தை நெடுக்காக வைப்பது அதுவரை பெரும்பாலோர் கைக்கொண்ட வழக்கம். அவர் அதைக் குறுக்காகத் திருப்பி வைத்து, முன்சக்கரங்களையே ஓட்டும்படி செய்தார். இடம் மிஞ்சியது, நான்கு பேர் உட்கார்ந்தனர். ஆயினும் கியர் பெட்டியை யந்திரத்தின் கீழே, அதே எண்ணெயில் ஊறும்படி வைத்துவிட்டார். எண்ணெய் மாற்றத் தவறியவனுக்கு யந்திரம், கியர் இரண்டும் ஒருங்கே தேய்ந்தன என்பது இதன் பலன்.

இத்தாலியரான தாந்தே ஜியாகோசா இக்குறையை நீக்கினார். 1964இல் வெளிவந்த 'ஆட்டோபியாங்கி பிரிமுலா' வண்டியில் கியர் பெட்டி யந்திரத்தின் பக்கத்தில் தனியே பொருத்தப்பட்டது. அதன் பின்புறத்தில் மேல்நோக்கித் திறக்கும் கதவும் உண்டு. அத்தகைய கதவைச் சாமானிய மக்களின் வண்டிக்கு 1961இலேயே பிரான்ஸ் தேசத்து 'ரெனோ 4' கொடுத்திருந்தது. உலகெங்கும் இன்று ஓடும் சிறு வண்டிகளில் மிகப் பெரும்பாலானவை பிரிமுலாவின் இவ்வமைப்பையே பின்பற்றுகின்றன. அதை அறிந்தவர்களோ வெகு சிலர்.

ஜப்பானில் கதை வேறு விதமாக நடந்தது. யுத்தத்தில் நொந்த அத்தேசம், மிகச் சிறிய வண்டிகளுக்கென்று 1949இல் தனி வகுப்பொன்றை ஏற்படுத்திச் சலுகைகளும் அளித்தது. யந்திரத்தின் அளவு சட்டத்தால் வரையறுக்கப்பட்டது. 1955இல் 360 கன சென்டிமீட்டர், 1976இல் 550, 1990இல் 660 என்று அவ்வரம்பு உயர்ந்தது. ஓசாகா நகரத்து டைஹாட்சு கம்பெனி 1990இல் வெளியிட்ட 'மீரா' இந்தக் கடைசி வரம்புக்கு ஏற்பச் செய்யப்பட்டது. மலேசியாவில் 1993இல் பெரோடுவா நிறுவப்பட்டது. மறு வருஷமே அந்த மீரா, 'கஞ்சில்' என்ற பெயருடன் இங்கே வெளிவந்தது. மூன்று சிலிண்டர், 659 கன சென்டிமீட்டர், பன்னிரண்டு அங்குலச் சக்கரம். கஞ்சில் என்பது மலாய் மொழியில் சருகுமான். முதலைகளை வரிசையில் நிறுத்தி எண்ணுவதாக ஏய்த்து, அவற்றின் முதுகின் மேல் ஆற்றைக் கடந்த புத்திசாலிப் பிராணி. எங்கள் லயத்தில் மோட்டார் சைக்கிளிலிருந்து நான்கு சக்கரத்திற்கு ஏறியவர்களில் அநேகர் ஏறியது இதில்தான். 1997 முதல் இதே வண்டி 'நிப்பா' என்ற பெயரில் பிரிட்டனிலும் விற்கப்பட்டது. மினி பிறந்த நாட்டிற்கே நம் சருகுமான் போய்ச் சேர்ந்தது வேடிக்கையல்லவா! இங்கே அதன் உற்பத்தி 2009இல் நின்றது.

உற்பத்தி நின்ற பின்னும் ஒரு வண்டி பிழைத்திருப்பது எவ்வாறு? பாகங்கள் கிடைக்க வேண்டும். பழுதுபார்க்கும் அறிவும் கிடைக்க வேண்டும். பாகங்களுக்கு நம் நாட்டில் குறைவில்லை. ஜப்பானில் பழைய வண்டிகளுக்குக் காலந்தோறும் நடக்கும் அரசாங்கப் பரிசோதனை செலவு மிக்கது. ஆதலால் நன்றாக ஓடும் வண்டிகளையும் அங்கே கழித்துவிடுகின்றனர். பாதியாக வெட்டிக் கப்பலேற்றப்பட்டு 'ஹாஃப் கட்' என்ற பெயரில் இங்கு வந்திறங்கும் மீராக்களின் உறுப்புகள் பல கஞ்சிலுக்குப் பொருந்தும்.

அறிவு அப்படிக் கப்பலில் வருவதில்லை. அது நெடுங்காலம் பட்டறைக்குள் குருவிடமிருந்து சீடனுக்கு வாய்மொழியாகவே சென்றது. அதை அச்சிலேற்றிச் சாமானியன் கையில் கொடுத்தவர்களுள் முக்கியமானவர் ஜான் ஹெய்ன்ஸ். இவர் 1938இல் இலங்கையில் பிறந்தார். தகப்பனார் அங்கே தேயிலைத் தோட்டமொன்றை நிர்வகித்த துரை. இலங்கைத் தோட்டங்களில் கொழுந்து கிள்ளியவர்கள் பெரும்பாலும் நம்மவர்களே என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. துரையின் மகன் இங்கிலாந்துக்குப் படிக்கச் சென்றார். பள்ளியில் இருக்கும்போதே பழைய 'ஆஸ்டின் 7' வண்டியொன்றைத் தம் கையால் மாற்றியமைத்து, அதைச் செய்த விதத்தை 1956இல் சிறு புத்தகமாக வெளியிட்டார். 250 பிரதிகள் பத்து நாளில் தீர்ந்தன. பிறகு ஆகாயப்படையில் சேர்ந்து, 1965இல் ஏடனில் இருந்தபோது நண்பரொருவரின் சிறு வண்டியைக் கழற்றிப் பூட்ட உதவினார். கம்பெனியார் கொடுத்த குறிப்பேடு அந்நண்பருக்குப் பயன்படவில்லை. ஆகவே ஹெய்ன்ஸ் ஒவ்வொரு படியையும் படம் பிடித்தார். 1966இல் வந்த அவரது முதற் கையேட்டின் 3,000 பிரதிகள் மூன்று மாதத்திற்குள் விற்றன. வண்டியை முழுவதும் பிரித்து மீண்டும் பூட்டிய பின்னரே எழுதுவது என்பது அவருடைய முறை. துரைமகனுக்குக் கையில் கறை படுவது இழிவாகத் தோன்றவில்லை. பிட்டர் மகனாகிய எனக்குத் தோன்றிற்று.

பழைய புத்தகக் கடையொன்றில் ஹெய்ன்ஸ் கையேடு ஒன்று எனக்குக் கிடைத்தது. அது வேறொரு சிறு வண்டிக்குரியது. ஆயினும் பாதகமில்லை, அமைப்பு ஒன்றே. கொதிப்பைப் பற்றிய அதிகாரத்தைப் படித்தேன். ரேடியேட்டருக்கும் யந்திரத்திற்கும் இடையே 'தெர்மோஸ்டாட்' என்றொரு சிறு கதவு உண்டு. அதனுள் இருக்கும் மெழுகு சூட்டில் உருகிப் பெருகி, கதவைத் தள்ளித் திறந்து நீரை ஓடவிடும். கதவு சிக்கிக்கொண்டால் நீர் ஓடாது, யந்திரம் கொதிக்கும். யந்திரம் நன்றாக ஆறிய பின் அதைக் கழற்றினேன். "அம்மா, பழைய சட்டியொன்று கொடுங்கள்" என்றேன். "உங்கப்பாவும் இப்படித்தான் கேட்பார்" என்று சொல்லிக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். நீரைக் கொதிக்க வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன். கொதித்த நீரிலும் கதவு திறக்கவில்லை. புதியது ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவில் கிடைத்தது. யந்திரத்திற்கு ஒன்றும் நேர்ந்திருக்கவில்லை.

உஷ்ண தேசத்திற்கு இக்கதவே வேண்டாம், கழற்றி எறிந்துவிடு என்று புத்தி சொன்னவர்கள் பலர். இது தவறு. கதவில்லாத யந்திரம் தக்க சூட்டை அடையத் தாமதமாகும், பெட்ரோல் வீணாகும்.

அதன் பிறகு வண்டி திருப்பங்களில் 'டக் டக்' என்று ஓசையிட்டது. முன்சக்கரத்துக்குச் செல்லும் தண்டின் மூட்டில் ரப்பர் உறை கிழிந்து, மசகு வெளியேறி, மண் புகுந்திருந்தது. ஆல்பிரெட் ரெசெப்பா என்பவர் 1920களில் கண்டுபிடித்த மூட்டு இது. சக்கரம் திரும்பினாலும் ஒரே சீராகச் சுழலும் இவ்வகை மூட்டு அமைந்திராவிடில், இசிகோனிஸின் மினி சுலபமாய் ஓடியிராது. உறை மட்டும் கிழிந்த நாளிலேயே கண்டிருந்தால் செலவு சொற்பம். நான் கண்டபோது மூட்டே தேய்ந்துவிட்டது. ஹாஃப் கட் கடையிலிருந்து தண்டையே வாங்கி மாற்றினேன். அதற்கு இரண்டு ஞாயிறு பிடித்தது. என் தகப்பனாருக்கு ஒரு காலைப்பொழுது போதும்.

அப்போதுதான் முன்மூடியின் உட்புறத்தில் வெள்ளைச் சாயத்தால் எழுதிய மூன்று வரிகளைக் கண்டேன். டைமிங் பெல்ட் மாற்றிய தேதிகளும், அந்நாட்களில் வண்டி ஓடியிருந்த கிலோமீட்டர்களும் அவை. எழுத்து அவருடையது, கணக்குப்பிள்ளை வேலை பார்க்கும் என் பேரேட்டைவிடச் சுத்தமாக இருந்தது. கடைசி வரியோடு இன்றைய கிலோமீட்டரை ஒத்துப் பார்த்தால், அடுத்த மாற்றத்திற்கு நாள் நெருங்கிவிட்டது. பெல்ட் வாங்கி வைத்திருக்கிறேன். வெள்ளைச் சாயத்துக்கும் சொல்லியிருக்கிறேன்.