காருக்குப் பெரிய இன்ஜெக்டர் வாங்கப் போறீங்களா? காசு கொடுக்குமுன் இதைப் படிங்க

"இன்ஜெக்டர் மாத்திட்டேன், கார் பறக்குது!" என்கிறார் நண்பர். அதே பாகம் இணையத்தில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. உடனே வாங்கிடலாமா? கொஞ்சம் பொறுங்கள்.

இன்ஜெக்டரை ஏன் மாற்றுகிறார்கள்?

டர்போவின் அழுத்தத்தைக் கூட்டினால் இயந்திரத்துக்குள் அதிகக் காற்று நுழையும். அதற்கேற்ற பெட்ரோல் வேண்டும். 1 கிராம் பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிராம் காற்று என்பது அடிப்படைக் கணக்கு. முழு வேகத்தில் பெட்ரோல் இன்னும் கூடுதலாகத் தேவை. அது பத்தாவிட்டால் வெப்பம் ஏறி, பிஸ்டனே உருகலாம்.

பெரிசா இருந்தா நல்லதுதானே?

இல்லை. 4 சிலிண்டர் டர்போ காரில் 300 குதிரைத்திறன் வேண்டுமென்றால், ஒவ்வொரு இன்ஜெக்டரும் நிமிடத்துக்குச் சுமார் 590 சிசி தந்தால் போதும். அளவுக்கு மீறிப் பெரிதானால், கார் நிற்கும்போது இயந்திரம் தடுமாறும். எதை மாட்டினாலும் காரின் கணினியைப் புதிய அளவுக்கு ஏற்பச் சரிசெய்ய வேண்டும்.

விற்பவரிடம் என்ன கேட்கலாம்?

• எந்த அழுத்தத்தில் அளந்தது? பெரும்பாலும் 3 பார். அழுத்தம் மாறினால் அளவும் மாறும்.
• மின்தடை எத்தனை ஓம்? பொருந்தாவிட்டால் காரின் கணினி பழுதாகலாம்.
• பழைய பாகமா? எல்லா இன்ஜெக்டர்களும் ஒரே அளவு பெட்ரோல் தருவதைக் காட்டும் சோதனை முடிவைக் கேளுங்கள்.
• ரப்பர் வளையங்கள் புதியவையா? கசியும் பெட்ரோல் சூடான இயந்திரத்தில் பட்டால் தீப்பிடிக்கலாம். வளையத்தின் விலை சொற்பம். அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

நீங்கள் விற்பவரா?

எந்தக் காரில் இருந்தது, எவ்வளவு தூரம் ஓடியது, என்ன குறை எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். மறைத்த குறை இன்னொருவரின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

பிடிக்கலன்னா திருப்பிக் கொடுக்கலாமா?

பிடிக்கவில்லை என்பதற்காக முடியாது. பாகத்தில் குறை இருந்தால் வழி உண்டு. சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் 'லெமன்' சட்டம் நடப்பில் உள்ளது. கடையில் வாங்கிய பொருளில் 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால் பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோ கேட்கலாம். பழைய பொருளுக்கும் அது பொருந்தும். ஆனால் தனிநபரிடம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு இல்லை.

மாட்டுவதற்கு முன்...

நிலப் போக்குவரத்து ஆணையம் வாகன மாற்றங்களை 3 வகையாகப் பிரிக்கிறது: அனுமதி தேவையில்லாதவை, தேவைப்படுபவை, அறவே கூடாதவை. உங்கள் மாற்றம் எந்த வகை என்று முதலில் பாருங்கள். காப்புறுதி நிறுவனத்திடமும் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால், விபத்தின்போது இழப்பீடு மறுக்கப்படலாம்.