மகப்பேற்றில் எபிடியூரல் வலிநீக்கம்

எபிடியூரல் வலிநீக்கம் என்பது, கீழ்முதுகில் தண்டுவட உறைக்கு வெளியே உள்ள குறுகிய இடைவெளியில் மென்குழாய் ஒன்றைச் செலுத்தி, அதன் வழியே மருந்து கொடுத்து மகப்பேற்று வலியைக் குறைக்கும் முறை ஆகும். தாய் முழு நினைவுடன் இருப்பார். மகப்பேற்று வலியைக் குறைக்கும் முறைகளுள் இதுவே மிகுந்த திறனுடையது. எனினும் இது எல்லோருக்கும் முழுமையான பயன் தருவதில்லை. சில பக்க விளைவுகளும் உண்டு.

வலி தோன்றும் விதம்

மகப்பேற்றின் முதல் கட்டத்தில் கருப்பை சுருங்குவதாலும் கருப்பை வாய் விரிவதாலும் வலி உண்டாகிறது. இவ்வலி உணர்வு, நெஞ்சுப் பகுதித் தண்டுவடத்தின் இறுதி நரம்புகள் வழியாகவும் முதல் இடுப்பு நரம்பின் வழியாகவும் மூளையைச் சென்றடைகிறது. இரண்டாம் கட்டத்தில் குழந்தை கீழிறங்கும்போது பிறப்பு வழி விரிவடைகிறது. அப்போது எழும் வலியைத் திருவெலும்புப் பகுதி நரம்புகள் கடத்துகின்றன. இந்நரம்புகள் அனைத்தும் எபிடியூரல் இடைவெளியைக் கடந்தே செல்வதால், அங்கு செலுத்தப்படும் மருந்தினால் இரு கட்டங்களின் வலியையும் தடுக்க இயலும்.

செயல்முறை

இம்முறையை மயக்கவியல் மருத்துவரே மேற்கொள்வார். தாய் முதுகை வளைத்து அமர்ந்தோ ஒருக்களித்துப் படுத்தோ இருக்க வேண்டும். தோலைத் தூய்மைப்படுத்தி மரத்துப்போகச் செய்த பின், இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையே டூயி ஊசி எனப்படும் வளைமுனை ஊசி செலுத்தப்படும். பெரியவர்களில் தண்டுவடம் பொதுவாக முதலாம், இரண்டாம் இடுப்பு முள்ளெலும்புகளின் அளவிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி அதற்குக் கீழே போடப்படுவதால் தண்டுவடத்தில் படும் வாய்ப்பு மிகக் குறைவு.

ஊசியின் வழியே மென்குழாய் செலுத்தப்பட்டபின் ஊசி வெளியே எடுக்கப்படும். குழாய் மட்டும் முதுகில் ஒட்டிவைக்கப்படும். பியூபிவக்கெயின் அல்லது ரோபிவக்கெயின் போன்ற மரப்பு மருந்தைக் குறைந்த செறிவில், பென்டனில் என்ற வலிநீக்கியுடன் கலந்து கொடுப்பது இன்றைய வழக்கம். மருந்து செலுத்திய ஏறத்தாழ 20 நிமிடங்களில் வலி நன்கு குறையும். குழந்தை பிறக்கும் வரை மருந்தைத் தொடரலாம். அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால் அதே குழாய் வழியே வலுவான மருந்தைச் செலுத்தலாம்.

வலி நீக்கும் திறன்

2018இல் வெளியான காக்ரேன் மீளாய்வு, 11,000க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற 40 ஆய்வுகளின் தரவுகளைத் தொகுத்தது. எபிடியூரல் பெற்ற பெண்கள், பெத்திடின் முதலிய ஓபியாய்டு மருந்துகளைப் பெற்றவர்களைவிடக் குறைந்த வலியையே உணர்ந்தனர். அவர்களுக்குக் கூடுதல் வலிநீக்கிகளின் தேவையும் வெகுவாகக் குறைந்தது.

ஆயினும் ஏறத்தாழ எட்டில் ஒருவருக்கு எபிடியூரல் போதிய பயன் தருவதில்லை என்று பிரித்தானிய மகப்பேற்று மயக்கவியலாளர்கள் தாய்மார்களுக்கு அறிவுறுத்துகின்றனர். உடலின் ஒரு பக்கம் மட்டும் மரத்துப்போவதும், சிறு பகுதி ஒன்றில் வலி எஞ்சுவதும் உண்டு. குழாயைச் சற்று நகர்த்தியோ மீண்டும் பொருத்தியோ பெரும்பாலும் இதைச் சரிசெய்யலாம்.

மகப்பேற்றின் மீதான விளைவுகள்

எபிடியூரல் போட்டால் அறுவைச் சிகிச்சையில்தான் முடியும் என்ற கருத்து பரவலாக உள்ளது. மேற்கண்ட மீளாய்வு, ஓபியாய்டு பெற்றவர்களுடன் ஒப்பிடுகையில் அறுவைச் சிகிச்சை விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. இடுக்கி, வெற்றிடக் கருவி ஆகியவற்றின் உதவியுடன் நிகழும் மகப்பேறு மொத்தத்தில் அதிகரித்திருந்தது. ஆனால் 2005க்குப் பின் நடந்த ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டபோது அவ்வேறுபாடு மறைந்தது. மருந்தின் செறிவு குறைக்கப்பட்டதும் பிற நவீன நடைமுறைகளும் இதற்குக் காரணமாகக் கருதப்படுகின்றன.

மகப்பேற்றின் முதல் கட்டம் ஏறத்தாழ அரை மணி நேரமும் இரண்டாம் கட்டம் ஏறத்தாழ கால் மணி நேரமும் நீள்வது காணப்பட்டது. பிறந்த குழந்தையின் ஆப்கார் மதிப்பெண்ணிலோ தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்படுவதிலோ பாதகமான வேறுபாடு காணப்படவில்லை.

கருப்பை வாய் 4 அல்லது 5 செ.மீ. விரியும் வரை காத்திருந்தே எபிடியூரல் தரவேண்டும் என்ற வழக்கம் முன்பு இருந்தது. முன்னரே தருவதால் அறுவைச் சிகிச்சை அதிகரிப்பதில்லை என 2014இல் வெளியான மற்றொரு காக்ரேன் மீளாய்வு தெரிவித்தது.

பக்க விளைவுகள்

இரத்த அழுத்தம் குறைதல், கால்கள் தற்காலிகமாக வலுவிழத்தல், சிறுநீர் கழிக்க இயலாமை, காய்ச்சல், அரிப்பு ஆகியவை ஏற்படலாம். ஆகவே தாயின் இரத்த அழுத்தத்தையும் குழந்தையின் இதயத் துடிப்பையும் தொடர்ந்து கண்காணிப்பது இன்றியமையாதது. ஊசி தவறுதலாகத் தண்டுவட உறையைத் துளைத்துவிட்டால் கடுமையான தலைவலி வரக்கூடும். இது ஏறத்தாழ 100இல் ஒருவருக்கு நேர்கிறது. நிலையான நரம்புச் சேதம், சீழ்க்கட்டி, இரத்தக்கட்டி ஆகியவை மிக அரிது.

நீண்டகால முதுகுவலிக்கு எபிடியூரல் காரணம் என்பதை ஆய்வுகள் உறுதிசெய்யவில்லை. கருவுற்ற காலத்திலும் மகப்பேற்றுக்குப் பின்னும், முதுகில் ஊசியே போடாத பெண்களுக்கும் முதுகுவலி பரவலாக வருகிறது.

இரத்தம் உறையாமைக் குறைபாடு, தட்டணுக்கள் மிகக் குறைந்திருத்தல், ஊசி போடும் இடத்தில் நோய்த்தொற்று ஆகியவை உள்ளவர்களுக்கு இம்முறை பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது.

வரலாறு

1847இல் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் மகப்பேற்றில் ஈதரைப் பயன்படுத்தினார். 1853இல் விக்டோரியா அரசி இளவரசர் லியோபோல்டைப் பெற்றெடுத்தபோது ஜான் சினோ குளோரோபார்ம் கொடுத்தார். 1921இல் எசுப்பானியப் படைத்துறை மருத்துவர் பிடெல் பஹேஸ் இடுப்புப் பகுதி எபிடியூரல் முறையை விவரித்தார். 1947இல் அவானாவில் மார்ட்டினெஸ் கூர்பெலோ, டூயி ஊசியின் வழியே மென்குழாயைச் செலுத்தித் தொடர்ச்சியாக மருந்து கொடுக்கும் வழியைக் காட்டினார்.

தமிழ்நாட்டில்

2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6% மகப்பேறுகள் மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்ந்தன, 44.9% அறுவைச் சிகிச்சை மூலம் நிகழ்ந்தன. இந்திய அளவில் இவை முறையே 88.6%, 21.5%. அறுவைச் சிகிச்சைக்காக முதுகில் ஊசி போடுவது இங்கு அன்றாட நிகழ்வு. அது பெரும்பாலும் தண்டுவட நீரில் ஒரே முறை மருந்து செலுத்தும் வேறொரு முறையாகும். எபிடியூரலுக்கோ பல மணி நேரக் கண்காணிப்பும், இரவு பகலாக மயக்கவியல் மருத்துவரும் தேவை. மருத்துவமனையில் மகப்பேறு நிகழ்வதாலேயே வலிநீக்கமும் கிடைத்துவிடும் என்று கொள்ள இயலாதது இதனாலேயே.

செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி, பொத்தேரியில் உள்ள எஸ்.ஆர்.எம். மருத்துவக் கல்லூரி போன்றவற்றில் மகப்பேற்றுத் துறையும் மயக்கவியல் துறையும் ஒருங்கே இயங்குகின்றன. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சிறு மருத்துவமனைகளிலும் நிலைமை வேறு. ஆகவே எபிடியூரலை விரும்புவோர், வலி தொடங்குவதற்கு முன்னரே, கருவுற்ற காலப் பரிசோதனைகளின்போது, இவ்வசதி உண்டா, இரவிலும் கிடைக்குமா, கட்டணம் எவ்வளவு என்பனவற்றைக் கேட்டறிவது நன்று.

வலிநீக்கம் கோரும் உடல்நலமுள்ள கருவுற்ற பெண்களுக்கு, அவர்களது விருப்பத்தைப் பொறுத்து எபிடியூரல் வழங்கலாம் என உலக சுகாதார அமைப்பு 2018இல் பரிந்துரைத்தது. ஓபியாய்டு மருந்துகள், தசைத் தளர்வு, மூச்சுப் பயிற்சி, உடல் பிடித்துவிடுதல் ஆகியவற்றையும் அது ஏற்கத்தக்க முறைகளாகக் குறிப்பிடுகிறது. வலி நீக்கும் திறனில் எபிடியூரல் முன்நிற்பினும், அதை ஏற்பதும் மறுப்பதும் தாயின் உரிமையாகும்.