பேட்டை: கோட்டைக்கு வெளியே பிறந்த சொல்

ஜோலார்பேட்டையில் ஏறிச் சேலத்துக்குப் போகிறவர் வழியில் தர்மபுரி மாவட்டத்துப் பொம்மிடியைக் கடப்பார். சேர்வராயன் மலை பக்கத்தில் தெரிய, இன்னும் கொஞ்ச தூரத்தில் லோக்கூர் தாண்டி டேனிஷ்பேட்டை வரும். ஏறிய இடமும் பேட்டை, தாண்டும் இடமும் பேட்டை. சேலத்தில் இறங்கினாலோ செவ்வாய்ப்பேட்டை, அம்மாபேட்டை என்று ஊருக்குள்ளேயே வரிசையாக நிற்கின்றன. நடுவில் உள்ள பொம்மிடிக்கு மட்டும் அந்த ஒட்டு இல்லை. ஆனால் பேட்டை என்ற சொல் எதைக் குறித்ததோ அந்தப் பொருள் பொம்மிடியில் இருக்கிறது. சொல்லும் பொருளும் இப்படிப் பிரிந்து நிற்கும் இடங்களில்தான் சொல்லாராய்ச்சிக்கு வேலை.

இன்று ‘புறநகர்’ என்கிறோம். புறநகர் ரயில், புறநகர்ப் பேருந்து நிலையம் என்று அரசுப் பலகைகளில் குடியேறிவிட்ட சொல். வீட்டில் யாரும் “நான் புறநகரில் குடியிருக்கிறேன்” என்று சொல்லிக் கேட்டதில்லை. ஊரின் மதிலுக்கு வெளியே உள்ள குடியிருப்புக்குத் தமிழில் பெயர் இல்லாத காலமே கிடையாது. சிலப்பதிகாரத்தில் ஒரு காதையின் பெயரே புறஞ்சேரி இறுத்த காதை. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு மதுரை மதிலுக்கு வெளியே தங்கிய இடம் அந்தப் புறஞ்சேரி. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் நகரை உள்ளாலை, புறம்படி என்று பிரித்துப் பேசுகின்றன. உள்ளே இருப்பது உள்ளாலை, வெளியே விரிந்தது புறம்படி. அதே கல்வெட்டுகளில் அங்காடி உண்டு, பேரங்காடி உண்டு, தளிச்சேரி உண்டு. பேட்டை அந்தச் சொற்கூட்டத்தைச் சேர்ந்ததல்ல.

அப்படியானால் எப்போது வந்தது? இதற்கு ஒரு சாட்சி தர்மபுரிப் பக்கத்து ஊர்ப்பெயர்களிலேயே கிடைக்கிறது. இங்கே மாரண்டஹள்ளி போல ஹள்ளி, அள்ளி என்று முடியும் ஊர்கள் ஏராளம். அந்த ஹள்ளி நம் பள்ளிதான். கன்னடத்தில் சொல்லின் முதலில் நின்ற பகரம் பத்தாம் நூற்றாண்டுக்குப் பிறகு படிப்படியாக ஹகரம் ஆனது. பால் ஹாலு ஆயிற்று, பூ ஹூவு ஆயிற்று, பள்ளி ஹள்ளி ஆயிற்று. பேட்டையோ ‘ஹேட்டெ’ ஆகவில்லை, ‘பேட்டெ’ என்றே நின்றுவிட்டது. அந்த ஒலிமாற்றம் ஓடி முடிந்த பிறகே இந்தச் சொல் கன்னட வாயில் புழக்கத்துக்கு வந்திருக்க வேண்டும் என்பதுதான் இதற்கு நேரான விளக்கம். தெலுங்கில் பேட்ட, மலையாளத்தில் பேட்ட, மராத்தியில் பேட் என்று தென்னாடு முழுக்க ஏறத்தாழ ஒரே உருவில் அது கிடப்பதும் இதோடு பொருந்துகிறது. வணிகரோடும் படையோடும் ஊர் ஊராகப் போன சொல் இப்படித்தான் தேயாமல் கிடக்கும். விஜயநகர, நாயக்கர் காலத்துப் புதுச் சந்தைகளும் தறிக்காரர் குடியேற்றங்களும் அதைப் பரப்பின என்பது என் முடிவு.

பொருளைப் பார்ப்போம். கோட்டை ஆளுகிறவனுடையது. அதற்கு அரிசி வேண்டும், எண்ணெய் வேண்டும், துணி வேண்டும், குதிரைக்குக் கொள்ளு வேண்டும். இவற்றைக் கொண்டுவருகிறவனை உள்ளே குடிவைக்க அரசனுக்கு மனமில்லை, விரட்டவும் வழியில்லை. ஆகவே கோட்டை வாசலுக்கு வெளியே ஒரு கடைத்தெரு. கோட்டையும் பேட்டையும் எதுகைக்காகச் சேர்ந்தவை அல்ல, தேவையால் சேர்ந்தவை. கிருஷ்ணகிரி மலைக்கோட்டையின் அடிவாரத்தில் பழையபேட்டை இன்றும் அந்தப் பெயரோடுதான் இருக்கிறது.

பெங்களூரில் இதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். 1537இல் கெம்பே கௌடர் அமைத்ததாகச் சொல்லப்படும் பேட்டெயில் தெருக்கள் சரக்கின் பெயரையும் தொழிலின் பெயரையும் தாங்கி நிற்கின்றன. அரளெப்பேட்டெ பஞ்சுக்கு, அக்கிப்பேட்டெ அரிசிக்கு, ராகிப்பேட்டெ ராகிக்கு, கானிகரபேட்டெ செக்காருக்கு. விலாசமே விலைப்பட்டியல் மாதிரி. அந்தப் பேட்டைக்குத் தனியாக அகழியும் முள்வேலியும் இருந்தன. மைசூர்ப் போரில், 1791 மார்ச் 7ஆம் தேதி, காரன்வாலிஸின் ஆங்கிலேயப் படை முதலில் பிடித்தது பேட்டையைத்தான். அதன் வாசலில் கர்னல் மூர்ஹவுஸ் விழுந்தார். கோட்டை விழ இன்னும் இரண்டு வாரம் ஆயிற்று. ஆங்கிலேயர் குறிப்புகளில் ‘பெட்டா’ என்ற சொல் நிலைத்ததற்கு இத்தகைய முற்றுகைகள் ஒரு காரணம்: எந்த ஊரை எழுதினாலும் அவர்களுக்குக் கோட்டை ஒன்று, பெட்டா ஒன்று. அந்தப் போரின் முடிவில், 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில், தர்மபுரி அடங்கிய பாரமகால் கும்பெனி கைக்குப் போயிற்று. அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாகத் தாமஸ் மன்றோவும் நிலவரி பார்க்க வந்தார்கள். மன்றோ தர்மபுரியிலேயே ஏழு ஆண்டுகள் இருந்தார்.

சந்தை கூடும் கிழமையே பேட்டையின் பெயர் ஆவதும் உண்டு. சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை, கோவையில் சுக்கிரவாரப்பேட்டை. புனேக்காரர்கள் இதில் நம்மை மிஞ்சியவர்கள். ஏழு கிழமைக்கும் ஏழு பேட் வைத்திருக்கிறார்கள். சேலத்து மொத்த வியாபாரத்தின் பெரிய முகமான லீ பஜார் இருப்பதும் செவ்வாய்ப்பேட்டையில்தான். வாரம் ஒருநாள் சந்தை ஏழு நாள் மண்டியாகிவிட்டது, பெயர் செவ்வாயிலேயே நின்றுவிட்டது.

சென்னையில் கதை வேறு. அங்கே பேட்டை தானாக முளைத்ததைவிடத் திட்டம் போட்டு நட்டதே அதிகம். கும்பெனிக்குத் துணி வேண்டும், துணிக்கு நெசவாளர் வேண்டும். 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் திருவொற்றியூரில் நெசவாளரைக் குடியமர்த்தினார். காலெட்பேட்டை ஜனங்கள் வாயில் காலடிப்பேட்டை ஆகி, வெள்ளைக்காரன் பெயர் என்ற அடையாளமே போய்விட்டது. 1734இல் ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்தில் கூவம் வளைவில் சுங்குராமச் செட்டியின் தோட்டத்தில் சிந்தாதிரிப்பேட்டை எழுந்தது. நூற்பவர், நெய்பவர், துணிக்குச் சாயம் தீட்டுபவர், வெளுப்பவர் ஆகியோருக்கும் கோயில் சார்ந்தவர்களுக்குமே அங்கே இடம். சின்னத் தறிப்பேட்டை என்பதே பெயரின் மூலம் என்பார்கள். வெளுக்கிறவர்களுக்கு வண்ணாரப்பேட்டை. தோல் பதனிடும் குரோம் லெதர் ஆலையால் வந்தது குரோம்பேட்டை. ஒரு வேதிப்பொருளின் பெயர் பேட்டையோடு ஒட்டிக்கொண்டு அரைத் தமிழாகிவிட்ட கதை அது.

இதை ஏதோ சமத்துவபுரம் போலக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். 1707இல் வலங்கை, இடங்கைச் சாதிகளின் தகராறு முற்றியபோது தாமஸ் பிட் கண்ட வழி, பெத்துநாயக்கன்பேட்டையை வலங்கைக்கும் முத்தியாலுப்பேட்டையை இடங்கைக்கும் பிரித்துவிடுவது. பேட்டை தொழிலின் பெயரால் ஆள் சேர்த்தது. அந்தக் காலத்தில் தொழில் என்றால் சாதி. குடியிருப்பின் பெயரில் சாதி ஏறினால் என்ன ஆகும் என்பதற்குச் சேரிக்கு நேர்ந்ததைப் பாருங்கள். ஒருகாலத்தில் யார் சேர்ந்து வாழ்ந்தாலும் சேரி. அது பிறகு தீண்டாமைக்கு உள்ளானவர்களின் குடியிருப்புக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டு, வசைக்கும் கருவியாயிற்று. அதற்குச் சொல் காரணமல்ல, நாம் காரணம்.

ஐரோப்பாவிலும் மதிலுக்கு வெளியே இதே கூத்து. அயர்லாந்தின் டப்ளினில் பழைய மதிலுக்கு வெளியே, நகர நிர்வாகத்தின் அதிகாரம் எட்டாத பகுதிக்கு லிபர்ட்டீஸ் என்று பெயர். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சிலிருந்து துரத்தப்பட்ட புராட்டஸ்டண்ட் நெசவாளர்கள் வந்து தறி போட்டது அங்கேதான். அதே டப்ளினில் ஐரிஷ்டவுன் என்றும் ஒரு பகுதி உண்டு. ஐரிஷ்காரர் நாட்டில் ஐரிஷ்காரருக்குத் தனிப் பேட்டை! சென்னையில் கறுப்பர் பட்டணம் என்று பெயர் வைத்தவர்களுக்கு இந்தப் பாடம் புதிதல்ல.

கொழும்பில் இன்னொரு வேடிக்கை. கோட்டைக்கு வெளியே உள்ள வணிகப் பகுதிக்கு ஆங்கிலத்தில் பெட்டா. நம் பேட்டைதான் அது. ஆனால் அங்குள்ள தமிழர் அதைப் பேட்டை என்பதில்லை, புறக்கோட்டை என்கிறார்கள். சிங்களத்தில் பிட்டகொட்டுவ, அதற்கும் கோட்டைக்கு வெளியே என்றே பொருள். ஆங்கிலம் நம் சொல்லை வைத்துக்கொண்டது, நாம் வேறு சொல்லுக்குப் போய்விட்டோம்.

உள்நாட்டில் கோட்டையே இல்லாத இடங்களிலும் பேட்டை இருந்தது. அதுதான் வண்டிப்பேட்டை. சந்தைக்கு முதல்நாள் இரவே பாரவண்டிகள் வந்து சேரும். மாட்டை அவிழ்த்து நுகத்தடியில் கட்டி, வைக்கோலை உதறிப் போட்டு, கல்தொட்டியில் தண்ணீர் காட்டுவார்கள். ஓரமாக லாடம் அடிக்கிறவர் மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, நாலு காலையும் சேர்த்துக் கட்டி, குளம்பைச் சீவிவிட்டு ஆணி இறக்குவார். இன்னொரு பக்கம் கடையாணி, மைப்பசை, சாட்டைக்கயிறு. தாண்டினால் இட்லிக்கடை. இத்தனையும் வண்டியை நம்பி வந்த தொழில்கள். லாரி வந்தது, லாடம் போயிற்று, அந்த இடத்தில் இப்போது பஞ்சர் ஒட்டுகிறார்கள். பெரும்பாலான ஊர்களில் பேருந்து நிலையத்தையோ சந்தைத் திடலையோ ஒட்டித்தான் அந்தப் பழைய இடம் இருக்கும்.

இப்போது பொம்மிடிக்கு வருவோம். மதராஸிலிருந்து மேற்குக் கரையின் பேப்பூர் வரை போட்ட இருப்புப்பாதை 1862இல் முடிந்தது. பொம்மிடி அந்தப் பாதையில் இருக்கிறது. 1906இல் அதே பாதையில் உள்ள மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்குக் குறும்பாதை போட்டு, 1913இல் ஓசூர் வரை நீட்டினார்கள். 1941க்குள் அதையும் பிடுங்கிவிட்டார்கள். அகலப்பாதையில் இருந்த ஊர்களுக்கு அந்தக் கவலை இல்லை. முன்பு கோட்டை வாசல் செய்த வேலையை இங்கே ரயில் நிலையம் செய்தது. வெற்றிலையும் புளியும் தேங்காயும் கிழங்கும் விளைகிற வட்டாரம். வெற்றிலை பறித்தால் வாடுவதற்குள் கைமாற வேண்டும். கவுளி கவுளியாக எண்ணி, ஈரத்தோடு கட்டி, எந்த வண்டிக்கு ஏற்றுவது என்று நேரம் பார்த்துச் செய்கிற வியாபாரம் அது.

ஆனால் ரயில்வேக்காரன் பேட்டை என்று பெயர் வைக்கிற ஆள் இல்லை. பலகையில் பொம்மிடி என்று எழுதினான், பெயர் உறைந்துவிட்டது. அதன் விளைவு விநோதமானது. இங்குள்ள பேரூராட்சியின் பெயர் பொ. மல்லாபுரம். பக்கத்தில், லூர்து மாதா கோயிலுக்குப் பெயர்போன ஊர் பி. பள்ளிப்பட்டி. மல்லாபுரத்துப் ‘பொ’வும் பள்ளிப்பட்டியின் ‘பி’யும் பொம்மிடிதான், ஒன்று தமிழ் முதலெழுத்து, மற்றது ஆங்கில முதலெழுத்து. மகன் தன் பெயருக்கு முன்னால் அப்பா பெயரின் எழுத்தைப் போடுவது போல ஊர்கள் ரயில் நிலையத்தின் எழுத்தைச் சுமக்கின்றன. நாயக்கர் காலமாக இருந்திருந்தால் இந்தக் கடைத்தெருவுக்கு ஏதாவதொரு பேட்டை என்று பெயர் வந்திருக்கும்.

சொல் சாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1958இல் கிண்டியில் தொழிற்பேட்டை திறந்தபோது அரசு தேர்ந்தெடுத்தது இந்தப் பழைய ஒட்டைத்தான், அதைவிடப் பொருத்தமாகத் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. இடம் கொடுத்து, கொட்டகை கொடுத்து, சிறுதொழில்காரரைக் குடிவைப்பது சிந்தாதிரிப்பேட்டையில் நடந்ததேதான். மறுபக்கம், ‘பேட்டை ரவுடி’ என்ற வழக்கு சொல்லின் மதிப்பைக் கெடுத்தது. வியாபாரியும் தறிக்காரனும் போய், பேட்டை என்றால் ஒருவனுடைய கைவரிசை செல்லுபடியாகும் எல்லை என்றாகிவிட்டது. 2019இல் ரஜினி படத்துக்குப் ‘பேட்ட’ என்று பெயர் வைத்தபோது அந்த முரட்டு மணத்தோடுதான் வைத்தார்கள். மனை போடுகிறவர்கள் பேட்டை என்று பெயர் வைக்கத் தயங்குவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். எல்லாம் நகர், எல்லாம் அவென்யூ. என்னைக் கேட்டால் அந்தப் பெயர்கள் அங்கே என்ன நடக்கிறது என்பதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

வண்டிப்பேட்டைகள் பல வரைபடத்தில் இல்லை, வருவாய்ப் பதிவிலும் தனியாக இராது. வயதானவர்களின் பேச்சில் மட்டும் இருக்கின்றன. பொம்மிடியிலோ கடத்தூரிலோ பாப்பிரெட்டிப்பட்டியிலோ உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால், பாரவண்டிகள் எங்கே அவிழ்த்துப்போட்டிருப்பார்கள், அந்த இடத்துக்கு ஊரார் என்ன பெயர் சொன்னார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள்.