படிக்க மட்டுமான படிவப் புலம்
இணையப் படிவத்தில் பார்க்கலாம், திருத்த முடியாது என்று பூட்டிய கட்டம். அஞ்சல் குறியீடு 604001 என்று அடித்ததும் ஊர் ‘திண்டிவனம்’, மாவட்டம் ‘விழுப்புரம்’ எனத் தானே நிரம்பும் கட்டங்கள் இவ்வகை. ஹெச்டிஎம்எல் விதிப்படி இந்த ‘ரீட்ஒன்லி’ கட்டத்தை உலாவி சரிபார்ப்பதில்லை. கட்டாயம் என்று குறித்திருந்தாலும், காலியாக இருந்தால் அப்படியே சர்வருக்குப் போய்விடும். முற்றிலும் முடக்கிய ‘டிசேபிள்டு’ கட்டமோ அனுப்பப்படுவதே இல்லை.

பூட்டும் பெயரளவுக்குத்தான்: உலாவியின் டெவலப்பர் கருவியில் ‘ரீட்ஒன்லி’ என்ற ஒரு சொல்லை அழித்துவிட்டு, திண்டிவனத்தை விழுப்புரமாக்கி அனுப்பலாம். ஆகவே வந்த ஊர்ப்பெயரை நம்பாமல், குறியீட்டைக் கொண்டு சர்வரே மீண்டும் தேடி எடுக்க வேண்டும். ஜாங்கோ என்னும் வலைச் சட்டகத்தில் 1.9 பதிப்பு (2015) முதல் ‘டிசேபிள்டு’ என அமைத்த புலத்தில் யார் எதை அனுப்பினாலும் தொடக்க மதிப்பே கொள்ளப்படும்.

குறியீட்டுக்கு ஊரையும் மாவட்டத்தையும் தரும் மூலப் பட்டியல் பழசானால் தொல்லை வேறு. கள்ளக்குறிச்சி 2019இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்தது. பட்டியலைப் புதுப்பிக்காத படிவத்தில் அவ்வூர்க்காரர் தம் மாவட்டத்தைத் திருத்த வழியில்லை.