கார் கூரைத் துணி தொங்குதா? நீங்களே சரிசெய்யலாமா, கடைக்குக் கொண்டு போகணுமா?

அப்பாவிடமிருந்து கைமாறி வந்த கார். இன்ஜின் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் உள்ளே உட்கார்ந்தால் கூரைத் துணி தலையில் உரசுகிறது. சீட்டின் ஓரத்தில் தையல் விட்டிருக்கிறது. மழை பெய்த மறுநாள் உள்ளே ஒரு வாடை.

குஷன் கடையில் கேட்டால் சில நூறு ரிங்கிட் ஆகும் என்கிறார்கள். டிக்டாக்கில் பார்த்தால் ஒரு டப்பா ஸ்ப்ரே பசையில் வேலை முடிந்துவிடுகிறது. எதை நம்புவது?

பணத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீங்க. கெட்டுப்போன பாகத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்க. வெறும் துணியும் பிளாஸ்டிக்கும் என்றால் தாராளமாகக் கை வைக்கலாம். ஏர்பேக், சீட் பெல்ட், ஒயர் என்றால் கதை வேறு.

பசை அடித்தும் ஏன் நிற்பதில்லை?

துணி நேரடியாகக் காரின் தகரத்தில் ஒட்டப்படுவதில்லை. தகரத்துக்குக் கீழே, கூரையின் வளைவுக்கு ஏற்ப வார்த்த ஒரு பலகை இருக்கும். துணியின் பின்பக்கம் மெல்லிய ஸ்பாஞ்சு. அந்த ஸ்பாஞ்சுதான் பலகையில் ஒட்டியிருக்கிறது.

நம்ம ஊர் வெயிலும் ஈரப்பதமும் வருடக்கணக்கில் சேர்ந்து தாக்கும்போது அந்த ஸ்பாஞ்சு மாவாக உதிர்ந்துவிடும். தொங்கும் துணியை விரலால் தேய்த்துப் பாருங்க, மஞ்சளாகவோ பழுப்பாகவோ தூள் கொட்டும். அந்தத் தூளின் மேல் எவ்வளவு நல்ல பசையை அடித்தாலும் அது தூளைத்தான் பிடிக்கும், பலகையைப் பிடிக்காது. இரண்டு வாரத்தில் மறுபடி தொங்கும், இந்த முறை பசைக் கறையோடு.

குண்டூசி குத்தி நிறுத்துகிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். தலைக்கு மேலே ஊசி வரிசை, அதுவும் ஓடுகிற காரில்!

முறையாகச் செய்ய வேண்டுமென்றால் பலகையையே கழற்ற வேண்டும். சன்வைசர், கைப்பிடிகள், உள்விளக்கு, தூண்களின் மேல் உள்ள பிளாஸ்டிக் மூடிகள் எல்லாவற்றையும் எடுத்த பிறகு பலகையை மெதுவாக வெளியே கொண்டுவரணும். இதற்கு இரண்டு பேர் தேவை. பலகை ஒருமுறை மடிந்தால் அந்தக் கோடு புதுத் துணியிலும் தெரியும்.

வெளியே எடுத்ததும் பழைய ஸ்பாஞ்சை முழுக்கச் சுரண்டணும். பாதி நேரம் இதிலேயே போய்விடும், ஆனால் வேலை நிற்பதும் விழுவதும் இதில்தான். பிறகு ஸ்பாஞ்சு வைத்த புதுத் துணியிலும் பலகையிலும் அதிக வெப்பம் தாங்கும் பசையை அடித்து, கொஞ்சம் காயவிட்டு, நடுவிலிருந்து ஓரமாக நீவி ஒட்டணும். பசையின் ஆவி தீப்பிடிக்கும் என்பதால் இதைக் காற்றோட்டமான இடத்தில் செய்யுங்க, பக்கத்தில் சிகரெட் கூடாது.

துணி, இரண்டு மூன்று டப்பா பசை, ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை, உதவிக்கு வந்த நண்பனுக்குச் சாப்பாடு. கூட்டிப் பார்த்தால் கடைக்கூலியோடு பெரிய வித்தியாசம் இருக்காது. கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் செய்யலாம். காசு மிச்சம் பிடிக்க மட்டும் என்றால் கடையே மேல்.

ஒரு நிபந்தனை: கதவுகளுக்கு மேலே, கூரை ஓரத்தில் ஏர்பேக் மடித்து வைக்கப்பட்டிருக்கும் கார் என்றால் கூரையைக் கழற்றும் வேலையை நீங்க எடுக்காதீங்க. தூண் மூடியில் ‘ஏர்பேக்’ என்று பொறித்திருக்கும், பாருங்க.

சீட்டுத் தையலில் ஒளிந்திருக்கும் ஆபத்து

சீட்டில் சின்னக் கிழிசல், கீறல் என்றால் ஒட்டுத்துணியும் நிரப்புப் பசையும் உள்ள பெட்டி வாங்கி நீங்களே சரிசெய்யலாம். ஆனால் செயற்கைத் தோல் முழுக்கச் செதில் செதிலாக உரிகிறது என்றால் எதைப் பூசினாலும் வீண். உறையை மாற்றுவதே வழி.

சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் என்று ஒரு சின்னச் சீட்டு தைக்கப்பட்டிருக்கிறதா? அப்படியென்றால் அங்கே இருப்பது சாதாரணத் தையல் இல்லை. மோதும் கணத்தில் ஏர்பேக் அந்தத் தையலைப் பிய்த்துக்கொண்டுதான் வெளியே வரணும். அதைக் கெட்டியான நூலால் தைத்துவிட்டால், அல்லது அதன் மேல் மூடிய உறையைப் போட்டுவிட்டால், ஏர்பேக் சரியாக விரியாமல் போகலாம்.

சீட்டைக் கழற்றும்போது அடியில் மஞ்சள் நிறத்தில் ஒயர் இணைப்பு தெரிந்தால் அது பெரும்பாலும் ஏர்பேக்குடையது. அதைத் தொடாதீங்க. சாவி போட்ட நிலையில் பிடுங்கிவிட்டால் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். திரும்ப மாட்டினாலும், ஸ்கேன் கருவியால் அழிக்கும் வரை அது பல கார்களில் அணையாது.

ஏர்பேக்கை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு மலேசியாவிலேயே உதாரணம் உண்டு. 2014இல் சரவாக்கின் சிபுவில் நடந்த விபத்தில், தகாத்தா நிறுவனம் தயாரித்த ஏர்பேக்கிலிருந்து பறந்த உலோகத் துண்டு பாய்ந்து ஒரு கர்ப்பிணிப் பெண் உயிரிழந்தார். அந்த ஏர்பேக்கை விரியச் செய்யும் ரசாயனம் வெப்பத்திலும் ஈரத்திலும் நாளடைவில் கெட்டுப்போய், அளவுக்கு மீறிய வேகத்தில் வெடித்ததே சிக்கலின் மூலம். உலகம் முழுவதும் கோடிக்கணக்கான ஏர்பேக்குகள் திரும்பப் பெறப்பட்டன.

பழைய கார் வாங்கியிருந்தால் உள்ளே அழகுபடுத்தும் முன், அதன் சேசிஸ் எண்ணைக் கொடுத்து, இந்தத் திரும்பப்பெறும் பட்டியலில் இருக்கிறதா என்று அந்த பிராண்டின் சேவை மையத்தில் கேளுங்க. பட்டியலில் இருந்தால் மாற்றுவது இலவசம்.

சீட் பெல்ட்டை மிதமான சோப்பு நீரில் துடைக்கலாம், பிளீச் மட்டும் கூடாது. ஓரம் நைந்திருந்தால் தைக்கவே கூடாது, முழு பெல்ட்டையும் மாற்றணும்.

வாடை வந்தால்?

வாசனைப் புட்டி தொங்கவிடுவதற்கு முன் கால்மிதியைத் தூக்கிக் கம்பளத்தை அழுத்திப் பாருங்க. ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் கால்பக்கம் மட்டும் ஈரமாக, தண்ணீர் தெளிவாக இருந்தால், ஏர்கோன் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். அடைப்பை எடுப்பது சின்ன வேலை. கம்பளத்துக்கு அடியில் உள்ள ஸ்பாஞ்சைக் காயவைப்பதுதான் பெரிய வேலை. அதை ஈரமாகவே விட்டால் பூஞ்சையும் துருவும் பிடிக்கும்.

வெள்ளத்தில் மூழ்கிய கார் இந்தக் கணக்கில் சேராது. ஸ்டார்ட் செய்யவும் வேண்டாம், கம்பளத்தைப் பிரிக்கவும் வேண்டாம். படம் எடுத்துவிட்டு முதலில் காப்புறுதி நிறுவனத்தை அழையுங்க. வெள்ளச் சேதத்துக்கு வழக்கமான காப்புறுதி மட்டும் போதாது. கூடுதல் கட்டணம் செலுத்தி ‘ஸ்பெஷல் பெரில்ஸ்’ சேர்த்திருக்கணும்.

மற்றபடி டேஷ்போர்டு பெட்டியின் கொக்கி, கியர் உறை, ஏர்கோன் ஃபில்டர் எல்லாம் நீங்களே மாற்றக்கூடியவை. பழைய பிளாஸ்டிக் கிளிப் எளிதில் உடையும். நாலைந்து உபரியாக வாங்கி வைங்க. ஸ்குரூடிரைவரால் நெம்பினால் கீறல்தான் மிஞ்சும், பிளாஸ்டிக் நெம்புகோல் சல்லிசாகவே கிடைக்கிறது.

கடைக்குப் போனால் என்ன கேட்பது?

“எவ்வளவு?” என்பதற்கு முன், “பலகையைக் கழற்றிச் செய்வீங்களா, அப்படியே ஒட்டுவீங்களா?” என்று கேளுங்க. பழைய ஸ்பாஞ்சைச் சுரண்டுவார்களா, சீட்டு உறையில் ஏர்பேக்குக்கான தையல் வருமா, மறுபடி தொங்கினால் எத்தனை மாதம் வரை இலவசமாகச் செய்து தருவார்கள் என்பதையும் கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்க. காரை விடும் முன் உள்பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்து வைங்க. திரும்ப எடுக்கும்போது சாவியைத் திருப்பி, ஏர்பேக் விளக்கு சில விநாடிகள் எரிந்து அணைகிறதா என்று கடையிலேயே பாருங்க. அணையவில்லை என்றால் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பாதீங்க.