ஒரு கை நீரின் வரலாறு

வரலாறு என்றவுடன் அரசர்களும் படைகளும் கோட்டை கொத்தளங்களுமே நம் நினைவிற்கு வருவது இயல்பு. எனினும், மனிதன் ஒருவன் குனிந்து ஒரு கை நீர் அள்ளிப் பருகியதும் வரலாறாகியிருக்கின்றது. பிழைப்பை நாடி நாம் குடியேறியுள்ள இம்மராட்டிய மண்ணிலேயே அது நிகழ்ந்தது. நம் குடியிருப்பின் இளைஞர்கள் அதனை அறிதல் நலமெனக் கருதி, இவ்வாண்டு மலரில் சில சொற்கள் எழுதத் துணிந்தோம்.

பூனாவில் வாழ்ந்த மகாத்மா ஜோதிராவ் பூலே, 1848-ஆம் ஆண்டிலேயே பெண்களுக்கெனப் பள்ளி தொடங்கியவர். பொதுக் கிணற்றைத் தாழ்த்தப்பட்டோர் நெருங்கவும் இயலாத காலம் அது. 1868-இல் அவர் தம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை அவர்களுக்குத் திறந்துவிட்டார். அதற்கு அரசாணை எதுவும் வேண்டியிருக்கவில்லை. வீட்டுக் கதவைத் திறக்கும் மனம் ஒன்றே வேண்டியிருந்தது.

அரசாணை மட்டும் இருந்து மனம் இல்லாவிடில் என்னாகும் என்பதைக் கொங்கணத்து மஹாட் நகரம் காட்டியது. பொதுப் பணத்தால் பேணப்படும் குளங்களும் கிணறுகளும் பள்ளிகளும் தீண்டாதார் எனப்பட்டோர்க்கும் உரியவை என்று, எஸ். கே. போலே கொணர்ந்த தீர்மானத்தைப் பம்பாய்ச் சட்டசபை 1923-இல் ஏற்றது. மறு ஆண்டு மஹாட் நகரசபையும் தன் சவ்தார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானித்தது. தீர்மானம் ஏட்டில் இருந்தது. குளமோ பழையபடியே இருந்தது. பிற சாதியார் நீர் எடுத்தனர், பிற மதத்தாரும் எடுத்தனர், கால்நடைகளும் பருகின. தாழ்த்தப்பட்டோர் மட்டும் விலகியே நின்றனர்.

1927 மார்ச்சு 20-ஆம் நாள், டாக்டர் அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் மாநாட்டுப் பந்தலிலிருந்து அணிவகுத்துச் சென்று அக்குளத்து நீரைப் பருகினர். தாகம் தீர்ப்பது அவர் நோக்கமன்று. தாமும் ஏனையோரைப் போன்ற மனிதரே என்று நிலைநாட்டுவதே நோக்கம். அச்சிறு செயலைப் பொறாதவர்கள், மாநாட்டிற்கு வந்தோரைத் தடிகொண்டு தாக்கினர். பின்னர்ச் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் நிறைந்த 108 குடங்களால் குளத்திற்குத் தீட்டுக் கழித்தனர். வழக்கும் தொடுத்தனர். 1937-இல்தான் பம்பாய் உயர்நீதிமன்றம் தாழ்த்தப்பட்டோர்க்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஒரு கை நீருக்குப் பத்தாண்டு வழக்கு!

நமக்கு நெருங்கிய இரயில்வேயிலும் இத்தகைய வரலாறு உண்டு. சுதந்திரத்திற்கு முன்னர் வடநாட்டு நிலையங்களில் இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் தனித்தனியே தண்ணீர் வழங்கினர். தென்னாட்டு நிலையங்களின் உணவு விடுதிகளில் பிராமணர்க்கும் ஏனையோர்க்கும் தனித்தனி இடங்கள் இருந்தன. ஒரே வண்டியில், ஒரே பலகையில் தோளோடு தோள் உராய்ந்து வந்தவர்கள், இலை போடும்போது மட்டும் பிரிந்து அமர்ந்தனர்! பெரியாரும் அவர் இயக்கத்தாரும் இதனைக் கண்டித்துப் போராடி வந்தனர். 1941-இல் அப்பிரிவினை நீங்கியது.

இன்று அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. 15-ஆம் பிரிவு, கிணறும் குளமும் உணவு விடுதியும் எவருக்கும் மறுக்கப்படலாகாது என்கிறது. 1955-இல் இயற்றப்பட்ட சட்டம் அதனை மீறுவோர்க்குத் தண்டனையும் விதிக்கின்றது. எனினும், நம் சமையலறை அலமாரிக்குள் எந்தச் சட்டம் எட்டிப் பார்க்கும்?

உள்ளதை உள்ளபடி கூறிவிடுகிறோம். இக்கட்டுரைக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த இரவில், எம் வீட்டுப் பின்கட்டில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு தம்ளர் எம் கண்ணில் பட்டது. பாத்திரம் துலக்க வரும் அம்மையாருக்கென்று பல ஆண்டுகளாகத் தனியே வைக்கப்பட்டிருந்தது அது. யாது காரணம் என்று வினவினோம். “ஊரில் அத்தை காலத்திலிருந்து உள்ள வழக்கந்தானே!” என்றார் எம் இல்லத்தரசி. வழக்கம் என்ற சொல்லைத் தவிர எம்மிடமும் வேறு விடை இல்லை. மஹாட் குளத்தைக் காத்து நின்றவர்களும் அச்சொல்லைத்தானே கூறினர்? மறுநாள் அத்தம்ளர் மற்றவற்றோடு சேர்ந்தது. வீட்டார் அருந்தும் தம்ளரில் காப்பியை நீட்டியபோது அவ்வம்மையார் வாங்கத் தயங்கினார். அவர் தயங்கிய அக்கணத்தில் தலைகுனிந்தவர் நாமே.

அன்பர்களே! வேற்று மொழி பேசும் இவ்வூரில் வாடகைக்கு வீடு தேடி அலைந்த நாட்களில், “நீங்கள் எந்த ஊர்? என்ன ஆட்கள்?” என்ற கேள்வி நம்மை எவ்வளவு வருத்தியது! அவ்வருத்தத்தை உணர்ந்த நாம், அதனைப் பிறருக்கு அளிக்கலாமா? பெரும் போராட்டங்களை நடத்த நம்மில் எல்லோராலும் இயலாது. ஆனால் ஒரு தம்ளரை இடம் மாற்றி வைக்க நம்மில் எவராலும் இயலும். நாளைக் காலையே அதனைச் செய்வோமாக!