வெளிச்சவீட்டில் ஒரு நூதனசாலை

நூதனசாலையென்றால் மன்னர் மகுடமும் வாளும் செப்பேடுமே பெரும்பாலும் நம் நினைவுக்கு வருகின்றன. அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்திலுள்ள சாந்தா குரூஸ் நகரில் 1986ஆம் ஆண்டிலே திறக்கப்பெற்ற நூதனசாலையில் இவை எவையுமில்லை. கடலலைமீது நின்று சறுக்கி விளையாடியோரின் பழைய பலகைகளும் புகைப்படங்களுமே அங்கு காட்சிப்பொருள்கள். சாதாரண மக்களின் விளையாட்டும் வரலாற்றுக்குரியதே என்பதை ஏற்றுக்கொண்ட முயற்சியாதலால் நாம் இதனை வரவேற்கிறோம். ஆயினும், அவ்வரலாறு எவருடையது என்று கேட்காதிருக்க முடியவில்லை.

நூதனசாலை அமைந்திருப்பது கடலோரத்துச் சிறிய செங்கல் வெளிச்சவீடொன்றில். 1965இல் மார்க் அபட் என்னும் 18 வயது இளைஞன் அந்நகரக் கடலில் உயிரிழந்தான். அவன் பெற்றோர், மகனின் ஆயுட்காப்புறுதிப் பணத்தைக் கொண்டு 1967இல் அதனைக் கட்டுவித்தனர். கடல் கொண்ட மகனுக்காக, கடலோடுவோருக்கு ஒரு விளக்கு! 1930களில் அந்நகரில் சங்கம் அமைத்து அலையேறிய இளைஞர்களின் நினைவுப்பொருள்கள் பின்னர் அவ்விளக்கின் அடியிலேயே இடம்பெற்றன.

எனினும் அக்கரையில் முதலில் அலையேறியோர் அவர்களல்லர். 1885இல், கலிபோர்ணியாவிற் கல்விகற்ற ஹவாய் இளவரசர் மூவர், உள்ளூர்ச் செம்மரத்தாற் பலகை செய்வித்து, சான் லொரென்சோ ஆற்றுமுகத்தில் அலையேறினர். கரையிலிருந்தோருக்கு அது வேடிக்கை. அவர்களுக்கோ பரம்பரைக் கலை. ஹவாயில் தலைவரும் குடிமக்களும், ஆணும் பெண்ணும் அலையேறினர். 1820இல் வந்திறங்கிய மதபோதகர் அவ்விளையாட்டை வெறுத்தனர். அதனினும் கொடியது அந்நியர் கொண்டுவந்த நோய்; அது மக்களையே வாரிக்கொண்டது. எஞ்சியோரின் நிலத்தைக் கரும்புத் தோட்டங்கள் விழுங்கின.

1893இல் தோட்ட முதலாளிகளையும் அமெரிக்க வணிகரையும் சார்ந்த கும்பலொன்று, கரையிறங்கிய அமெரிக்கப் படையின் நிழலில், அரசி லிலியுகலானியைப் பதவியிறக்கியது. மூவரில் இளையவரான ஜோனா கூகியோ 1895இன் கிளர்ச்சியிற் சேர்ந்து சிறை சென்றார். 1898இல் ஹவாயை அமெரிக்கா தன்னோடு இணைத்துக்கொண்டது. அதே கூகியோ 1903 முதல் 1922இல் இறக்கும்வரை அமெரிக்கக் காங்கிரசில் ஹவாயின் பிரதிநிதியாயிருந்தார். பேசும் உரிமை இருந்தது, வாக்குரிமை இல்லை.

நாடு பறிபோனது, விளையாட்டோ வணிகமாயிற்று. ஜாக் ஓநீல் 1959இல் தம் கடையைச் சாந்தா குரூசுக்குக் கொண்டுவந்தார். குளிர்நீரில் உடற்சூட்டைக் காக்கும் செயற்கை இறப்பர் உடை அவர் பெயரோடு உலகெங்கும் விற்பனையாயிற்று. அவ்வுடையின்றி வடகடலில் நெடுநேரம் நிற்பது அரிது என்பதையும் நாம் மறுக்கவில்லை.

இளவரசர்களுடையவையெனக் கருதப்படும் பலகைகள் ஹொனலூலுவின் பிஷப் நூதனசாலையிற் பேணப்படுகின்றன. 2015இல் அவை சாந்தா குரூசுக்கு வந்தன. இரவலாக, 130 ஆண்டுகளின் பின்.